காற்றில்லாமல் ஓடும் பாய்மரம்

10 ஜூன், திங்கள்

காலேஜ் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திண்டுக்கல்லில் திறந்த முட்டைப் பொரியல் டப்பாவை ஒட்டன்சத்திரம் தாண்டியும் மூடவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. இறங்கி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ரெசின் நாற்றம். அந்த நாற்றத்துக்குக் காரணம் நான்தான் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

படகின் உடலுக்கு இரண்டாவது பூச்சும் காய்ந்துவிட்டது. தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம்.

எங்கள் துறைத் தலைவர் சிவபிரகாஷ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "இந்த வருஷம் என்ன மேடம்? முந்தின வருஷம் டிரம்மு, போன வருஷம் பட்டம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டிரம்மைப் பாய்க்குப் பதிலாகச் செங்குத்தாக நிறுத்திச் சுழலவிட்டால் காற்று படகைத் தள்ளும் என்பது கணக்கு. டிரம் சுழன்றது, படகு நின்ற இடத்திலேயே நின்றது. பட்டம் படகை இழுத்தது, நன்றாகவே இழுத்தது, அப்புறம் கரண்ட் கம்பியில் போய் உட்கார்ந்தது. ஆயக்குடியில் பாதி ஊருக்கு அன்றைக்கு ஃபேன் ஓடவில்லை. சரி, சிரிக்கட்டும்.

இந்த வருஷத்துப் படகு இன்னும் விசித்திரம்தான். இதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. ஒல்லியாக நீளமாக ஓர் உடல், ஒரே ஒரு பக்கம் மட்டும் கை நீட்டினாற்போல மூங்கில், அதன் நுனியில் சின்ன மிதவை. மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் படகைத் திருப்பவே கூடாது. நிறுத்தி, பாயின் மூக்கை, அதாவது கீழ்க்கூரை, இந்த முனையிலிருந்து கழற்றி அந்த முனையில் மாட்டினால் பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். இரண்டு பக்கமும் இன்ஜின் மாட்டிய ரயில் மாதிரி. பசிபிக் தீவுக்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

"திரும்பாத படகா? அப்ப எப்டி மேடம் வீட்டுக்கு வரும்?" என்று கேட்கிறார். பி.எச்டி. முடித்த மனுஷன். சீ.

15 ஜூன், சனி

பாய்த்துணி கேட்டால் டிபார்ட்மென்ட் கைவிரித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தப்ரேஸிடம் போனேன். என் தம்பியோடு படித்தவன்.

"அக்கா, செத்த நேரம் உக்காருங்க. பழைய பேனர் மலை மாதிரி கெடக்கு, ஒங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கங்க" என்றான். கிளறிப் பார்த்தேன். கல்யாணம், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. செத்தவர்களும் பிழைத்திருப்பவர்களும் ஒருவர்மேல் ஒருவராக, தூசியும் பல்லிப் புழுக்கையுமாக. கடைசியில் ஒரு காதணி விழா பேனர் கனமாக, கிழிசல் இல்லாமல் கிடைத்தது. நடுவில் அழுதுகொண்டு ஒரு குழந்தை, கீழே வரிசையாகத் தாய்மாமன்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி.

நண்டுக்கொடுக்கு வடிவத்தில் வெட்டினோம். கீழே கூர், மேலே இரண்டு கொம்பாக விரியும். வெட்டியதில் குழந்தைக்கு ஒரு காது போய்விட்டது. "காது குத்துறதுக்கு முந்தியே காத வெட்டிட்டீங்களே அக்கா" என்றான் தப்ரேஸ். மாமன்கள் அத்தனை பேரும் தப்பித்துவிட்டார்கள்.

23 ஜூன், ஞாயிறு

ஓடியது!

முதலில் நாற்றத்தை எழுதிவிடுகிறேன். ஆயக்குடிக்கு மேற்கே வெள்ளைப்பாறைக் குளம். கரையோரம் ஆகாயத்தாமரை அழுகிக் கிடக்கிறது. அதற்குள் செத்த ஜிலேபி மீன், யாரோ வீசிய கோழிக்கழிவு, முழங்கால் வரை சேறு. காலை எடுத்தால் சேறு 'ப்ளக்' என்று ஒரு சத்தம் போடுகிறது.

ஆனால் தண்ணீர் ஆழமான இடத்துக்குப் போனதும் மெல்லிய மேல்காற்று வந்தது. பாய் 'டப்' என்று நிறைந்தது. மாமன்கள் அத்தனை பேருக்கும் கன்னம் உப்பியது. படகு போகிறது, சத்தமே இல்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. சாய்வாகக் குறுக்கே போய், முன்பின் மாற்றி, மறுபடி சாய்வாகக் குறுக்கே. பழனி மலையில் யானைப்பாதை ஏறுகிற மாதிரி இப்படியும் அப்படியுமாகத்தான் ஏற வேண்டும். ஏறியது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தோம்.

"தோம்" என்று எழுதுகிறேன், ஏனென்றால் கூட சண்முகவள்ளி அக்கா இருந்தார். குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். முதலில் கரையில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், இதென்னங்க ஒத்தக் கையோட பொறந்திருக்குது?" அப்புறம் கேட்காமலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர் கொட்டகை மேற்குக் கரையில் இருக்கிறது. ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் பரிசல் கிழக்கே ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும், துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. மீனைக் கூடையில் தூக்கிக்கொண்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காற்றை எதிர்த்துக் கரை சுற்றி நடந்து வர வேண்டும். வருஷா வருஷம் இதே பிழைப்பு. "கழுத்தெலும்பு தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்றாருங்க. தலைல ஒண்ணும் தூக்கக் கூடாதாமுங்க. தூக்காம? பரிசலு தானா நடந்து வருமுங்களா?" இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன, மீன் முள் குத்தினாலும் தெரியாது என்று விரலைக் காட்டினார்.

"வர்ற ஆடிக்கு இந்தப் படகு ஒங்க கையில இருக்கும்க்கா" என்றேன். வாயில் வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. மெல்லிய காற்றில் ஏறியது பெரிய விஷயமில்லை. ஆடிக் காற்றில், மீன் கூடையோடு, அக்கா கையால் மேற்கே ஏற வேண்டும். அப்போதுதான் இது படகு. இல்லாவிட்டால் இதுவும் டிரம்தான்.

24 ஜூன், திங்கள்

கால் முழுக்கச் சேற்றுத் தடிப்பு. சொறிந்துகொண்டே தெர்மோடைனமிக்ஸ் எடுத்தேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

2 ஜூலை, செவ்வாய்

அன்றைக்குக் கரையிலிருந்து காலேஜ் பசங்க எடுத்த வீடியோ கரஸ்பாண்டன்ட் வரைக்கும் போய்விட்டது. கூப்பிட்டுவிட்டார்.

ஏசி அறையில் பழைய மாலை வாடிய வாசனை. கார் சாவியால் காது குடைந்துகொண்டே பேசினார். குடைந்து, சாவியைப் பார்த்து, மேஜைக் கண்ணாடியில் துடைத்து, மறுபடி குடைந்து. நான் அந்தச் சாவியைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பணிவு என்று நினைத்திருப்பார்.

"ரொம்ப நல்லா இருக்குதும்மா. நம்ம காலேஜ் படகு. ஊரே வாயப் பொளக்கணும். ஆனா அதென்னம்மா பாயில எவனெவனோ கூலிங் கிளாஸ் போட்டுட்டு நிக்கறான்? நம்ம படம் வந்திருக்கணுமல்ல?"

படத்தைக்கூட ஒட்டித் தொலைக்கலாம். தேதிதான். ஆவணியில் முதல் நல்ல முகூர்த்தம், வெள்ளிக்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் வெள்ளோட்டம் என்கிறார். நான் சொன்னேன் — ஐயா, ஆவணி பிறந்தால் காற்று குறைந்துவிடும், காலை ஆறு மணிக்கு எந்த மாசமும் இலை அசையாது, இது பாய்மரப் படகு, ஆடியில் மத்தியானம் வைத்தால்தான் —

"ஆடியில யாராச்சும் நல்ல காரியம் பண்ணுவாங்களா?" காது குடைவது நின்றுவிட்டது. உண்மையாகவே அதிர்ந்து போனார்.

ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே ஐயா, அன்றைக்கு வைக்கலாமே என்றேன். டைரியைப் புரட்டினார். அன்றைக்கு அவருக்குச் சந்திராஷ்டமமாம். காற்று மேற்கே இருந்து வருகிறது, இவர் ராசி எங்கே இருந்து வருகிறது?

"அதுவரைக்கும் படகு போர்ட்டிகோவுல இருக்கட்டும். கொளத்துல போட்டு அழுக்காக்கிப்போடாதீங்க."

3 ஜூலை, புதன்

போர்ட்டிகோவில் சிவப்புக் கம்பளத்தின்மேல் படகு. சுற்றிக் கயிறு. 'தொடாதீர்கள்' என்று போர்டு. தொடாமல் அதைச் செய்தது யார்?

6 ஜூலை, சனி

தப்ரேஸ் கடையில் கரஸ்பாண்டன்ட் முகத்தோடு மல்லுக்கட்டு. கணினித் திரையில் அந்த முகத்தை ஒரு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது ஒரு தண்டனை. மீசைக்குச் சாயம் போட்டதில் உதட்டு ஓரம் கறுப்பாக இழுகியிருக்கிறது. தப்ரேஸ் அதைத் துடைத்து, தொங்கும் தாடையை ஒட்ட வெட்டி, கன்னத்துக்கு ரோஸ் அடித்தான். "இந்த ஊர்ல நாந்தேன்க்கா பெரிய டாக்டரு. வயச அம்புட்டுக் கொறச்சுருவேன்."

சிக்கல் அது இல்லை. பாய் சாய்ந்து நிற்கும். முகம் நேராகத் தெரிய வேண்டுமென்றால் சாய்த்து அச்சடிக்க வேண்டும். அடித்தோம். ஆனால் படகு முன்பின் மாறும்போது பாய் மறுபக்கம் சாயும். அப்போது என்ன ஆகும்? அட்டையில் வெட்டி ஆட்டிப் பார்த்தான் தப்ரேஸ். போகும்போது மகாராஜா மாதிரி நிமிர்ந்து நிற்கிறவர், வரும்போது மல்லாந்து படுத்துவிடுகிறார். தாடை வானத்தைப் பார்க்கிறது. தப்ரேஸ் சிரித்துச் சிரித்து இருமல் வந்து வெளியே போய்விட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது. அப்புறம் வரவில்லை.

8 ஜூலை, திங்கள்

சிவபிரகாஷ் போய் ஐயாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னாராம். பதில் வந்தது.

"அப்ப ஒரு பக்கம் மட்டும் போகட்டும்."

முன்பின் மாறுவதற்காகவே பிறந்த படகு. ஒரு பக்கம் மட்டும் போனால் அது எப்படித் திரும்பி வரும்? "பசங்க கயித்தக் கட்டி இழுத்துக்குவாங்க மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." திரும்பாத படகு எப்படி வீட்டுக்கு வரும் என்று கேட்ட அதே ஆள்.

17 ஜூலை, புதன்

ஆடி ஒன்று. பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியதிலிருந்து காற்று. சாலையோரக் கொய்யாக்காரர்களின் குடைகள் மடங்கி நிற்கின்றன, தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவிரித்து ஆடுகின்றன. வகுப்பில் ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. போர்ட்டிகோவில் படகு, கம்பளத்தின்மேல். அதன்மேல் யாரோ டீ கப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மத்தியானம் சண்முகவள்ளி அக்கா போன். "டீச்சர், காத்து வந்துருச்சுங்க. படகு எப்பங்க?"

ஆவணி என்றேன்.

"ஆவணில காத்து ஏதுங்க?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "சரிங், பரவால்லைங்" என்று வைத்துவிட்டார்.

25 ஜூலை, வியாழன்

ஒரே ஒரு நாள் வெளியே எடுத்துப்போகிறேன், ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் தெரியாது என்று சிவபிரகாஷிடம் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். "கீறல் விழுந்தா யாரு மேடம் பதில் சொல்றது? ஐயா காலைல வந்ததும் மொதல்ல அதத்தேன் பாக்குறாரு" என்கிறார். படகில் கீறல் விழக் கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையிலிருந்த பிள்ளையாரைத் தவிர எல்லாவற்றையும் தூக்கி அடித்திருப்பேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் புலம்பினேன். "ஆடி முடியட்டும்டி, அவரு சொல்றதும் ஞாயந்தான" என்றாள். வீட்டுக்கு உள்ளேயே ஒரு கரஸ்பாண்டன்ட்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. அம்மா தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் கட்டி வைத்திருந்தாள். சாப்பிடப் போகும்போது போன் வந்தது. அக்காவின் மகள் பானுப்ரியா. அழுகையில் பாதி புரியவில்லை.

பழனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். தலையில் கவிழ்த்திருந்த பரிசலைக் காற்று குடை மாதிரி தூக்கிவிட்டதாம். கையை விடாமல் பிடித்திருக்கிறார் — விட்டிருக்கலாம்ல? ஏன்க்கா விடல? — பரிசலோடு சேர்த்துக் கரைக் கல்லில் போட்டு அடித்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்துவிட்டது. முகத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கன்றிப்போய்.

"அந்தப் பரிசலு போச்சுன்னா வேற எங்கிருக்குதுங்க?" என்றார்.

நான் என்னத்தச் சொல்றது? படகு இருக்குக்கா, நல்லாருக்கு, ஒரு கீறல் இல்ல, கம்பளத்துல ஒக்காந்துருக்கு, அந்தாளுக்கு இன்னைக்குச் சந்திராஷ்டமம்னா? இவங்களுக்கு என்ன அஷ்டமமாம்? நாந்தேன் சொன்னேன் ஆடிக்கு ஒங்க கையில இருக்கும்னு. என் வாயில மண்ணப் போட.

வார்டில் டெட்டால் வாசனையும் பக்கத்துக் கட்டில்காரரின் வாந்தியும். புளிச்சாதப் பொட்டலத்தைப் பானுப்ரியா கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

புதிதாக வெட்டிய வேறு பாயில் முகத்தை ஒட்டி முடித்தேன். என் கையாலேயே. பசை காய்வதற்கு அந்த மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. த்தூ.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி முடிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் முடி கலையவில்லை.

29 ஆகஸ்ட், வியாழன்

நாளை வெள்ளோட்டம். ஒத்திகை பார்த்தோம். காலை ஆறு மணிக்குக் குளம் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. ஐயாவின் முகம் பாயில் சுருங்கித் தொங்குகிறது, பல் கழற்றிய கிழவர் மாதிரி. எனக்குள்ளே ஒரு மூலையில் குளுகுளுவென்றிருந்தது. சரி, இனி வெள்ளோட்டத்தை ரத்து செய்துதானே ஆக வேண்டும்?

ரத்தாவது. சிவபிரகாஷ் புல் வெட்டும் மெஷினின் இன்ஜினைக் கழற்றி, அடியில் விசிறி மாட்டிக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு நாளாகவே ரகசியமாக வேலை நடந்திருக்கிறது. பாய் உப்பித் தெரிவதற்கு உள்ளே பிவிசி குழாயை வளைத்துக் கட்டச் சொல்லிவிட்டார். காற்றே இல்லாமல் பாய் கர்ப்பிணி மாதிரி நிற்கிறது.

"சார், இது ஏமாத்து வேலை" என்றேன்.

"இது பேக்கப் மேடம்" என்றார்.

மிதவை ஒரு பக்கம் இருக்கிறது, தண்ணீரில் அந்தப் பக்கம் இழுவை இருக்கும், பின்னால் இன்ஜின் தள்ளினால் படகு நேரே போகாது, திசை திருப்பும் துடுப்பை யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். போட்டோவில் ஐயாவோடு இன்னொரு தலை தெரியக் கூடாதாம், அதனால் துடுப்பைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்களாம். ஒரு தடவை சொன்னேன், இரண்டாவது தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

30 ஆகஸ்ட், வெள்ளி

எழுதாமல் தூங்க முடியாது.

ஐந்தரைக்கே பந்தல், ஸ்பீக்கர், ஆர்டர் கொடுத்து வரவழைத்த மாதிரி ஈ. குருக்கள் படகுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். புது வண்டிக்குப் போல எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும், சக்கரம் இல்லையே என்று ஒரு கூட்டம் நடந்தது. கடைசியில் மிதவைக்கு அடியில் வைத்து நாலு பேர் ஏறி மிதித்தார்கள். பூசணிக்காய் உடைத்து அதைத் தண்ணீரிலேயே தள்ளினார்கள். ஆகாயத்தாமரைக்கு நடுவில் சிவப்பாகப் பூசணிச் சதை மிதக்கிறது. பாயின் உச்சியில் ஆள் உயர மாலை.

ஐயா பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு ஏறினார். லைஃப் ஜாக்கெட் வேண்டாம், பட்டுச் சட்டையை மறைக்கும் என்றுவிட்டார். பின்னால் இன்ஜினுக்குப் பக்கத்தில், போட்டோவில் விழாதபடி சிவபிரகாஷ் குனிந்து படுத்துக்கொண்டார். ஒரு துறைத் தலைவர். படகின் அடித்தட்டில். குப்புற.

டர்ர்ர் என்று புகை. படகு பத்தடி நேரே போயிற்று. கைதட்டல். அப்புறம் மெதுவாக மிதவைப் பக்கம் வளைந்தது. வளைந்துகொண்டே இருந்தது. ஒரு சுற்று வந்தது. ஐயா கும்பிட்ட கையோடு மேடையைக் கடந்தார், குளத்தைப் பார்த்துக் கும்பிட்டார், பாறையைப் பார்த்துக் கும்பிட்டார், மறுபடி மேடைக்கு வந்தார். இரண்டாவது சுற்றில் சிரிப்பு கொஞ்சம் இறுகியிருந்தது. கட்டிய கயிறு நனைந்து முடிச்சு அவிழவில்லை, இன்ஜினை அணைக்கும் பொத்தான் மேல் ஐயாவின் வேட்டி. சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை! கைதட்டுகிறார்கள்! மைக்கில் பேசியவன் "முந்நூற்று அறுபது டிகிரியும் சுழலும் ஆற்றல் படைத்த" என்று ஆரம்பித்தான். கைதட்டல் இன்னும் கூடியது. கூட்டத்துக்கு வெளியே, கையைத் தூளி கட்டிக்கொண்டு நின்ற சண்முகவள்ளி அக்கா மட்டும் என் காதில் சொன்னார். "ஏனுங்க டீச்சர், நாம போனப்ப நல்லாத்தானுங்க போச்சுது. இப்ப ஏனுங்க செக்கு மாடாட்டம் சுத்துது?"

பெட்ரோல் தீர்ந்து நின்றது. பசங்க சேற்றில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தார்கள்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை. போய் நின்றேன். குனிந்து வாங்கினேன். போட்டோவுக்குச் சிரித்தேன். அத்தனை பல்லும் தெரிய. இன்றைக்குப் பார்த்த அருவருப்புகளில் அதுதான் முதல் இடம். அக்கா கீழே நின்று ஒரு கையால் தொடையில் தட்டிக் கைதட்டினார். பொன்னாடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

31 ஆகஸ்ட், சனி

பேப்பரில் வந்திருக்கிறது. தலைப்பு: 'காற்றில்லாமல் ஓடும் பாய்மரப் படகு — கல்லூரி சாதனை.'

அம்மா அதை மாடி வீட்டுக்காரர்கள் வரைக்கும் காட்டிவிட்டாள்.

9 செப்டம்பர், திங்கள்

படகு போர்ட்டிகோவில் இல்லை. தேடினேன். கேன்டீனுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில், உள்ளே செம்மண் நிரப்பிக் குரோட்டன்ஸ் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். டிரில் போட்டு. வரிசையாக. தண்ணீர் உள்ளே வராமலிருக்க நான் எத்தனை பூச்சு பூசினேன்!

"அழகா இருக்குல்ல மேடம்?" என்றார் தோட்டக்காரர். பாவம், அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

முகம் ஒட்டிய பாய் வாட்ச்மேன் பைக்கின்மேல் மழைக்கு மூடிக் கிடந்தது. கேட்டேன். எடுத்துக்கங்க மேடம் என்றான். பழைய பாய், மாமன்கள் பாய், என் பீரோவுக்கு மேலே பத்திரமாக இருக்கிறது. இது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. நல்ல கனமான ஃப்ளெக்ஸ், வீணாக்குவானேன்.

13 ஜனவரி, திங்கள்

போகி. ஊரெல்லாம் டயர்ப் புகை, கண்ணும் தொண்டையும் எரிகிறது. இன்றைக்கு எரிக்காமல் ஆரம்பிக்கலாமே என்று தோன்றியது. அக்கா கொட்டகையில் புதுப் படகுக்குப் பிளைவுட் இறக்கியாயிற்று. காலேஜுக்குத் தெரியாது. தெரிந்தால் குங்குமத்தோடு வந்துவிடுவார்கள்.

அக்காவுக்கு எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்கிறது. அந்தக் கை தோளுக்கு மேலே எழவில்லை. "துடுப்புப் பிடிக்கறதுக்கு மேல தூக்கணுமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம்க்கா, இடுப்பு உயரம் போதும் என்றேன். துடுப்பின் பிடியை அவர் கை நீளத்துக்கு அளந்து வெட்டினேன்.

2 மே, வெள்ளி

கொட்டகைக்குள் ரெசின் நாற்றமும் மீன் நாற்றமும் ஒன்றாகக் கலந்தால் என்ன வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பானுப்ரியா மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் சோறு கொண்டுவருகிறாள்.

17 ஜூலை, வியாழன்

ஆடி ஒன்று. அக்கா போன். "காத்து வந்துருச்சுங்க." நான் லீவு போட்டுவிட்டேன் என்றேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா கட்டிக்கொடுத்த சாதங்களோடு காலையிலேயே குளத்துக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் காற்று, அடேயப்பா, நின்றால் ஆளைத் தள்ளுகிறது. கிழக்கே வலையெடுத்து, கூடை நிறைய மீனோடு கிளம்பினோம். அக்கா துடுப்பில், நான் பாயில். மாமன்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள், ஒற்றைக் காதுக் குழந்தை அழுதுகொண்டே வந்தது. முன்பின் மாற்றும்போது முதல் தடவை பாயின் மூக்கை நழுவவிட்டேன், ரெண்டு குடம் சேற்றுத் தண்ணி வாய்க்குள்ள. வாந்தி எடுக்கப் பாத்தேன். "எடுங்க டீச்சர், அப்பறம் எடுங்க, இப்பக் கயித்தப் புடிங்க" என்று அக்கா கத்தினார். பிடித்தேன். அப்புறம் ஏற ஆரம்பித்தது. சாய்வாக, மாற்றி, சாய்வாக, மாற்றி. மேற்குக் கரை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. கொட்டகைக்கு நேரே கொண்டுவந்து முட்டினார் அக்கா. மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

அக்கா இறங்கவில்லை. தலையில் நல்ல கையை வைத்துப் பார்த்துக்கொண்டார், எதையோ இறக்கி வைக்க மறந்தவர் மாதிரி. "ஒண்ணுமே தூக்கலீங்களே" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிவபிரகாஷ் போன். காலேஜைப் பார்வையிட யாரோ பெரிய குழு வருகிறதாம், வருகிற வாரமே. ஐயா அந்தப் படகைக் காட்ட ஆசைப்படுகிறாராம். அதில்தான் குரோட்டன்ஸ் இருக்கிறதே சார் என்றேன். "இல்ல மேடம், நீங்க புதுசா ஒண்ணு செஞ்சு வச்சிருக்கீங்களாமே. அதக் கொண்டு வாங்க. நாளைக்கே வேன் அனுப்புறேன்."

"ஆடியில யாராச்சும் நல்ல காரியம் பண்ணுவாங்களா சார்?" என்றேன். "ஆவணிக்கு வாரேன்."

வைத்துவிட்டேன். அக்கா புரையேறச் சிரித்தார்.

சாயங்காலம் கருவாட்டுக்குக் காய்கிற மீனைத் திருப்பிப் போட்டோம். கரையில் ஐயாவை மல்லாக்க விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறோம். நல்ல கனமான ஃப்ளெக்ஸ், சூடு தாங்குகிறது. நெற்றியிலிருந்து தாடை வரை பொடி மீன். ஈ மொய்க்கிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. மூக்கின்மேல் காய்ந்ததை மட்டும் காக்கா தூக்கிக்கொண்டு போயிருந்தது.